கறுப்பாய் வந்த முதற் பிரதி

நான் படம் கீறுகிறேன் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் உடனே கேட்பது, "முருகன் கீறுவீங்களோ?" என்றுதான். முருகனும் கீற மாட்டேன், மயிலும் கீற மாட்டேன். ஒரு கோட்டை நேராக இழுக்கவே எனக்குக் கை வராது. நான் கணினிக்கு எழுதிக் கொடுப்பது கணக்கு. ஒரு வட்டம், அதன் விளிம்பில் இரண்டு புள்ளிகள். இரண்டும் வட்டத்தைச் சுற்றி ஓடும், ஒன்று ஒரு வேகத்தில், மற்றது இன்னொரு வேகத்தில். ஓட ஓட இரண்டுக்கும் நடுவே நூல் பிடித்ததுபோல ஒரு நேர்கோடு விழுந்துகொண்டே இருக்கும். நூல்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்ததும், யாரும் கீறாத வளைவுகள் தாமாகத் தோன்றும். சில வேளை இதயம், சில வேளை பூ, சில வேளை பெயர் வைக்க முடியாத ஏதோ ஒன்று. வேகத்தை மாற்றினால் படம் மாறும். என் கலை இவ்வளவுதான்.

எனக்கு மெல்பேர்ண் நகரத்தில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை. யாருக்கு எப்போது விபத்து நடக்கக்கூடும் என்று எண்களை வைத்துச் சொல்வதற்குச் சம்பளம் தருகிறார்கள். அந்த எண்கள் சலித்துப்போன ஒரு காலத்தில், ரயிலில் போகவர இந்த வட்டங்களைத் தொடங்கினேன். கணவருக்கு முதலில் சிரிப்பு. "மற்ற வீட்டுப் பொம்பிளையள் கோயிலைச் சுத்தினம், எங்கட வீட்டிலை புள்ளி சுத்துது" என்று வருகிற ஆட்களுக்கெல்லாம் சொல்வார். சொன்ன கையோடு ரிவியில் என் படங்களைப் போட்டும் காட்டுவார். அவருக்கு உள்ளூரப் பெருமை. எனக்கும் பெருமைதான், ஆனால் இல்லாததுபோல முகத்தை வைத்துக்கொள்வேன்.

படங்கள் கூடக்கூட, இவற்றை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. கணினி பழுதாகும். இணையத்தில் இடம் தரும் கம்பனி ஒரு நாள் கடையைச் சாத்தும். அதனால்தான் பிளொக்செயின் பக்கம் போனேன். பிளொக்செயின் என்று சொன்னதும் பாதிப் பேர் காசு விஷயம் என்று ஒதுங்குவார்கள், மீதிப் பேர் காசு விஷயம் என்று நெருங்கி வருவார்கள். எனக்கு வேண்டியிருந்தது அதன் ஞாபகசக்தி மட்டுமே. என் கணக்கை அங்கே ஒரு தரம் எழுதிவிட்டால், உலகம் முழுவதும் கிடக்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் அதன் பிரதி இருக்கும். யாரும் அழிக்க முடியாது, திருத்த முடியாது. எழுதிய நானும் முடியாது.

ஒவ்வொரு படமும் ஒரு டோக்கன், அதாவது இது இன்னாருக்குச் சொந்தம் என்று அங்கே பதிவாகும் ஒரு சீட்டு. ஒருவர் டோக்கன் எடுக்கும்போது, அந்த வலையமைப்பு அந்தக் கணத்தில் நீளமான ஒரு எண்ணைக் கொடுக்கும். புள்ளிகளின் வேகத்தையும் தொடங்கும் இடத்தையும் என் கணக்கு அந்த எண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். என்ன படம் வரும் என்று எடுப்பவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வந்தபின் அது அவருடைய படம். உலகத்தில் வேறு யாரிடமும் அது இருக்காது. பிள்ளை பிறக்கும்போது முகத்தை நாங்கள் தெரிவு செய்வதில்லையே, அதுபோல என்று ஆட்களுக்கு விளக்குவேன்.

இதில் ஒரு சங்கடமான விடையும் இருந்தது. இரண்டு புள்ளிகளும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே வேகத்தில் ஓடினால் நடுவே இடைவெளி இல்லை. இடைவெளி இல்லாவிட்டால் நூல் இல்லை. பின்னணி கறுப்பு என்பதால், திரை முழுவதும் வெறும் கறுப்பாக நிற்கும். மிக அபூர்வமாக வரக்கூடியது. கணக்கில் ஒரு வரி சேர்த்திருந்தால் அதைத் தவிர்த்திருக்கலாம். நான் சேர்க்கவில்லை. கணக்கில் வருகிற விடையை மறைப்பது நேர்மையில்லை என்று எனக்கு ஒரு பெரிய எண்ணம். அந்த எண்ணத்தைப் பற்றி இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

டோக்கனுக்கு ஒரு வெளியீட்டு விழா வைக்கலாம் என்ற யோசனை கணவருடையது. எங்கள் ஆட்களுக்கு அது பழகின விஷயம். கவிதைப் புத்தகமோ பாட்டு இறுவட்டோ, எதுவானாலும் ஒரு மண்டபம், அகவணக்கம், வரவேற்புரை, வாழ்த்துரை. பிறகு முதற் பிரதி, அதன்பின் சிறப்புப் பிரதிகள். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி மேடைக்கு அழைத்து, இரண்டு கையாலும் கொடுத்து, கமராவைப் பார்த்து நிற்க வேண்டும். யாரை முதலில் கூப்பிட்டார்கள், யாரைக் கூப்பிடாமல் விட்டார்கள் என்பதில் முகம் முறிந்தவர்கள் இந்த நகரத்தில் நிறையப் பேர். புத்தகத்துக்குப் பதிலாக, கையளவு திரை பொருத்திய ஒரு சட்டகம் கொடுப்பது என்று முடிவெடுத்தோம். அதை வீட்டில் மாட்டினால் அவரவர் டோக்கனின் படம் அதில் நிற்கும்.

படத்தை மேடையிலேயே, எல்லோரும் பார்க்கப் பிறக்க வைப்பது என்பது மட்டும் என் யோசனை.

"முதல் பிரதிக்கெண்டாலும் ஒரு வடிவான படத்தை முதலே எடுத்து வையும்" என்றார் கணவர். "அங்கை நிண்டு பட்டனை அமத்திறது சும்மா ஒரு நடிப்புக்குத்தானே. ஆருக்குத் தெரியப் போகுது?"

"ஆருக்குத் தெரியும் எண்டது கதையில்லை. அது களவு. நான் பாத்துப் பாத்து எடுத்துக் குடுக்கிறதெண்டால் பிறகு உதுக்கு என்ன மரியாதை?"

"அந்தக் கறுப்பு வந்தால்?"

"வராது. வந்தாலும் அது ஒரு விடைதான்."

அவர் கையை விரித்தார். "உம்மோடை கதைச்சு வெல்லேலாது" என்று சொல்லிவிட்டு மண்டபத்துக்குத் தொலைபேசி எடுக்கப் போனார். நான் வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

முதற் பிரதி யாருக்கு என்ற பேச்சு வந்தபோது, தமிழ்ச் சங்கத் தலைவர், எங்கள் குடும்ப டொக்டர் என்று கணவர் சில பெயர்களைச் சொன்னார். நான் மச்சாள் என்றேன். மச்சாள் என்றால் என் கணவரின் மூத்த அக்கா. நகரத்துக்கு வெளியே நோபல் பார்க் என்ற ஊரில் இருக்கிறார். எங்களுக்கு முதலே இந்த நாட்டுக்கு வந்தவர். நாங்கள் வந்திறங்கியபோது எங்களைத் தன் வீட்டில் வைத்துச் சாப்பாடு போட்டு, எனக்கு ரயில் ஏறவும் குளிருக்கு உடுக்கவும் சொல்லித் தந்தவர். விழாவுக்கு முந்திய வருஷம் அவருடைய கணவர் தவறிப்போனார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து கடைக்குக்கூட இருவரும் சேர்ந்தே போய் வந்தவர்கள்.

அதன்பின் மச்சாள் விழாக்களுக்கு வந்தால் பின்வரிசையில்தான் இருப்பார். விளக்கேற்றும் நேரம் வந்தால் மெல்ல எழும்பி, மண்டபத்தில் தேத்தண்ணி ஊற்றுகிற குசினிப் பக்கம் போய்விடுவார். யாரும் அவரைப் போகச் சொன்னதில்லை. யாரும் இருக்கச் சொன்னதும் இல்லை. பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் கோபமாக வரும். இந்த நாட்டுக்கு வந்தும் உந்தப் பழக்கத்தைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்களே என்று வீட்டில் சத்தம் போடுவேன். என் விழாவில் முதல் ஆளாக அவரைத்தான் மேடையில் நிற்பாட்டுவேன், எல்லோரும் பார்க்கட்டும் என்று எனக்குள் ஒரு வீறாப்பு. அதில் பாதி மச்சாள் மேலுள்ள அன்பு. மீதிப் பாதி, என் துணிச்சலை நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற ஆசை. அப்போது யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் அவரோடு சண்டைக்குப் போயிருப்பேன்.

மச்சாள் சம்மதிக்கவில்லை. அவருடைய குசினியில் நின்றுதான் கேட்டேன்.

"எனக்கு உது வேண்டாம் பிள்ளை. ஆராவது குடும்பமா இருக்கிற ஆக்களைக் கூப்பிடும்."

"நீங்களே இப்பிடிச் சொன்னால் மற்ற ஆக்களை என்னெண்டு திருத்திறது மச்சாள்?"

"மற்ற ஆக்களைத் திருத்திறதுக்கு நான் ஏன் மேடையிலை ஏறவேணும்?"

நான் சிரித்துச் சமாளித்தேன். நல்ல கேள்வி என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அதன்பின் போகும்போதெல்லாம் கேட்டேன், தொலைபேசியிலும் கேட்டேன். கடைசியில் கரைச்சல் தாங்காமல் ஒரு நாள் சொன்னார்.

"சரி, வாறன். ஆனால் அங்கை ஒண்டும் பிழைச்சுப் போகாமல் பாத்துக்கொள்ளும். சனத்துக்கு முன்னாலை ஒண்டெண்டால் எனக்குத் தாங்கேலாது."

"நான் பொறுப்பு மச்சாள். நீங்கள் பேசாமல் வந்து நில்லுங்கோ."

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், டண்டினோங் பக்கத்தில் ஒரு சமூக மண்டபத்தில் நடந்தது. புகை மணி அடித்தால் தீயணைப்பு வண்டி வந்துவிடும் என்று மண்டபத்துக்காரர் பயமுறுத்தியதால் குத்துவிளக்குக்கு மின்கலத் திரி. சங்கத் தலைவரும் மனைவியும் பவ்வியமாகச் சுவிட்சைப் போட்டு விளக்கேற்றினார்கள். மச்சாளை நான் கையைப் பிடித்துக் கொண்டுவந்து முன்வரிசையில் இருத்தியிருந்தேன். மெல்லிய ஊதாச் சேலை, இஸ்திரி போட்டு மடிப்புக் கலையாமல் உடுத்திருந்தார். விளக்கேற்றும்போது எழும்பிப் போகவில்லை. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தார்.

அறிவிப்பாளர் கணவரின் நண்பர், முன்பு தமிழ் வானொலியில் நிகழ்ச்சி செய்தவர். முதற் பிரதி பெற மச்சாளை அழைத்தபோது மண்டபத்தில் ஒரு சின்ன அசைவு. மூன்றாம் வரிசையில் இருந்த இரண்டு அன்ரிமார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை மேடையிலிருந்து கண்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தப் பார்வையைக் காண வேண்டும் என்றுதானே இவ்வளவும் செய்தேன்.

மச்சாள் சட்டகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பெரிய திரையைப் பார்த்தபடி நின்றார். நான் பட்டனை அழுத்தினேன். வலையமைப்பிலிருந்து பதில் வரக் கொஞ்ச நேரம் எடுக்கும். "பிள்ளைப்பேறு மாதிரித்தான், கொஞ்சம் பொறுக்கவேணும்" என்று அறிவிப்பாளர் பகிடி விட்டார், சனம் சிரித்தது. பிறகு சிரிப்பு அடங்கியது. மச்சாள் ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்குப் பாரத்தை மாற்றினார். என் கணினியில் முடிந்தது என்ற குறி விழுந்தது. திரை கறுப்பாக இருந்தது.

"இன்னும் வருகுது போலை" என்றார் அறிவிப்பாளர்.

வராது என்று அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது ஒரு குழந்தைக்கும் விளங்கும். இணைப்பில் ஏதோ கோளாறு, இன்னொரு தரம் அழுத்துகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சனமும் சந்தேகப்பட்டிருக்காது. நான் மைக்கை எடுத்தேன். இதை எழுதுவதற்கே கூசுகிறது: அந்தக் கணத்தில் என் மனதில் முதலில் வந்தது பயம் அல்ல, ஒரு சின்னச் சந்தோஷம். இவ்வளவு காலமும் கணக்கில் மட்டும் இருந்த அந்த அபூர்வமான விடையைக் கண்ணால் கண்டுவிட்ட சந்தோஷம்.

"வந்திட்டுது, இதுதான் படம்" என்றேன். "இரண்டு புள்ளியும் ஒரே இடத்திலை துவங்கி, ஒரே வேகத்திலை, பிரியாமல் சேர்ந்தே திரிஞ்சால் நடுவிலை ஒரு நூலும் விழாது. கடைசியிலை ஒண்டும் மிஞ்சாது. இது இலேசிலை ஆருக்கும் வராது. மச்சாளுக்கு வந்திருக்கு."

சொல்லி முடித்தபின்தான் என் சொற்கள் என் காதிலேயே விழுந்தன. பின்னால் யாரோ ஒருவர் உச்சுக் கொட்டிய சத்தம் மேடைவரை கேட்டது. மூன்றாம் வரிசையில் ஒரு குரல், "உதுக்குத்தான் சொல்லுறது" என்று தொடங்கி, பாதியில் நின்றது. படம் எடுக்கிறவர் பாவம், தன் வேலையைப் பார்த்தார். "அன்ரி, இஞ்சை பாருங்கோ" என்றார். மச்சாள் அவர் பக்கம் திரும்பிச் சிரித்தார். கறுத்த சட்டகத்தைப் பிடித்துக்கொண்டு அவர் சிரிக்கும் அந்தப் படம் இன்னமும் இருக்கிறது. பிறகு படிகளில் தனியே இறங்கிப் போய் முன்வரிசையில் இருந்தார். நான் கை கொடுத்து இறக்கியிருக்கலாம், அதுவும் செய்யவில்லை.

அடுத்தது சிறப்புப் பிரதிகள். டொக்டரைக் கூப்பிட்டார்கள். அவர் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு ஏறி வந்தார். இப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. திரும்பவும் கறுப்பு வந்தால்? கறுப்பு வராவிட்டாலும், வடிவில்லாத ஏதாவது வந்தால்? டொக்டர் என்ன நினைப்பார், தலைவர் என்ன நினைப்பார், என் கலையைப் பற்றி நாளைக்கு ஊர் என்ன கதைக்கும்? முந்திய கிழமை ஒத்திகை பார்க்கவென்று சில டோக்கன்களை நானே என் பேரில் எடுத்து வைத்திருந்தேன். அவற்றில் நல்ல படங்கள் எவை என்று எனக்குத் தெரியும். நான் அவற்றைத் திறந்தேன்.

டொக்டருக்கு இதழ் இதழாக விரிந்த ஒரு பூ வந்தது. ஏற்கெனவே பிறந்து கிடந்த படம், விசையைத் தொட்டதும் திரை நிறைய வந்து நின்றது. மண்டபம் கை தட்டியது. "இந்த நிமிசத்திலை பிறந்த படம், டொக்டர்" என்று நான் மைக்கில் சொன்னேன். என் குரல் கொஞ்சமும் பிசகவில்லை. சங்கத் தலைவருக்கு இரட்டை இதயம், அவருடைய மனைவிக்கு வெட்கம். தமிழ்ப் பள்ளிக்கூட அதிபருக்குச் சங்கு மாதிரி ஒன்று. பலசரக்குக் கடை வைத்திருப்பவருக்குச் சக்கரம். அவர்களுக்கெல்லாம் நான் அந்த டோக்கன்களை என் பேரிலிருந்து மாற்றிக் கொடுத்தேன், அவ்வளவுதான். களவு என்று கணவருக்கு நான் சொன்ன அதே காரியத்தை, முகத்தில் சிரிப்போடு, ஒருவர் மிச்சமில்லாமல் எல்லோருக்கும் செய்து முடித்தேன்.

எந்த டோக்கன் எப்போது பிறந்தது என்பது பிளொக்செயினில் பதிவாகியிருக்கும். உலகத்தில் எவரும் திறந்து பார்க்கலாம். மச்சாளுடையது மட்டும் விழா நேரத்தில் பிறந்தது, மற்றதெல்லாம் முந்திய கிழமை. அழிக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது. அப்படி ஒரு இடம் வேண்டும் என்றுதானே அங்கே போனேன்.

தேநீர் நேரத்தில் ஆட்கள் றோல்ஸைக் கடித்தபடி தங்கள் சட்டகங்களை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டு நின்றார்கள். நான் மச்சாளைத் தேடினேன். பக்கத்து வீட்டுக்காரரின் காரில் போய்விட்டார் என்று சொன்னார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் கணவர், "சரி விடும். வந்தது வந்திட்டுது. உம்மட கொள்கை உமக்கு. அக்கா ஒண்டும் நினைக்க மாட்டா" என்றார். மற்றப் படங்களைப் பற்றி அவருக்கு அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அதன்பின் கதைகள் வரத் தொடங்கின. என் முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை, ஆனால் இந்த நகரத்தில் ஒரு கதை சுற்றி வர அதிக நேரம் எடுக்காது. புருஷனை இழந்த மனிசியை முதல் ஆளாக ஏற்றினால் வேறு என்ன வரும், மற்ற எல்லோருக்கும் பூவும் சக்கரமுமாக வந்ததே, அவவுக்கு மட்டும் ஏன் அப்படி வந்தது என்று கேட்டார்களாம். இதை ஒரு சிநேகிதி தொலைபேசியில் சொல்லக் கேட்டபோது நான் வேலையிடத்துக் குசினியில் கோப்பையோடு நின்றிருந்தேன். எந்த எண்ணத்தை உடைக்கிறேன் என்று மச்சாளை மேடையில் ஏற்றினேனோ, அந்த எண்ணத்துக்கு நானே சாட்சி தயாரித்துக் கொடுத்திருக்கிறேன். மற்றவர்களுக்கும் உள்ளபடி எடுத்துக் கொடுத்திருந்தால் ஒரு கோணலான படமாவது வந்திருக்கும். அந்தப் பூக்கள் எல்லாம் சேர்ந்துதான் அவருடைய கறுப்பை அவ்வளவு கறுப்பாக்கின.

மச்சாள் மட்டும், நான் தொலைபேசி எடுத்தால் வழக்கம்போலக் கதைத்தார், குளிரைப் பற்றி, முழங்காலைப் பற்றி. விழாவைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஒரு நாள் கணவர் அங்கே போய்விட்டு வந்து, அக்கா அந்தச் சட்டகத்தை ஹோலில் மாட்டி வைத்திருக்கிறா என்றார். "கறண்டும் குடுத்து வைச்சிருக்கிறா. கறுப்பா நிக்குது. வாற ஆக்கள் உது பழுதோ எண்டு கேக்கினமாம்." ஏன் மாட்டினார் என்று யோசித்து யோசித்து எனக்குப் பிடிபடவில்லை. என்னைக் குத்துவதற்காக என்று ஒரு மனம் சொன்னது. அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று மற்ற மனம் சொன்னது.

எப்படியாவது அந்தச் சுவரிலிருந்து அதை இறக்கிவிட வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்தது. நானே புதிதாக டோக்கன்களை எடுக்கத் தொடங்கினேன். ஒன்று சரியில்லாவிட்டால் இன்னொன்று. கடைசியில் ஒரு படம் வந்தது, நடுவில் ஒடுங்கி விளிம்பில் விரியும் தாமரை மாதிரி. அவ்வளவு வடிவான படம் அதுவரை எனக்கு வந்ததில்லை. அதை ஒரு புதுச் சட்டகத்தில் ஏற்றி, ஒரு சனிக்கிழமை காலை நோபல் பார்க்குக்குக் கொண்டுபோனேன். கணவரைக் கூட்டிப் போகவில்லை.

மச்சாள் ஹோலில் கதிரையில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் அந்தக் கறுப்புச் சட்டகம். நான் புதுப் படத்தை அவர் மடியருகே வைத்தேன்.

"மச்சாள், இதை மாட்டுவம். அண்டைக்கு வந்ததை நான் கொண்டுபோறன். ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லை."

அவர் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். "வடிவா இருக்கு" என்றார். பிறகு, "இது எப்ப எடுத்தனீர்?"

"இந்தக் கிழமைதான்."

"நீரே பாத்து எடுத்தனீரோ?"

"ஓம் மச்சாள், உங்களுக்கெண்டு பாத்து எடுத்தனான்."

"மற்ற ஆக்களுக்கும் நீர் பாத்துத்தானே எடுத்து வைச்சிருந்தனீர்."

அதைக் கேள்வியாக அவர் கேட்கவில்லை. அவருக்கு எப்படித் தெரியும், யார் சொன்னது, யார் போய்ப் பதிவைத் திறந்து பார்த்தது என்று மனம் ஓடியது. யாரும் சொல்லவில்லை. அவர் இலையை உருவியபடி தானே சொன்னார்.

"எனக்கு எவ்வளவு நேரம் எடுத்தது. கால் உளையத் துவங்கீட்டுது. டொக்டர் ஏறி நிண்ட உடனை வந்திட்டுது. தலைவருக்கும் அப்பிடித்தான். கடைக்காரர் மேடையிலை சரியா நிக்கவும் இல்லை, அதுக்கிடையிலை படம் வந்திட்டுது. நான் முன்வரிசையிலை இருந்து பாத்துக்கொண்டுதானே இருந்தனான். முன்னுக்கு இருத்தினதும் நீர்தானே."

"மச்சாள், நான் பயந்து போனன்" என்றேன். என் குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது. "அவைக்கும் பிழைச்சால் என்ன செய்யிறதெண்டு..."

"ஓம்" என்றார். "அவைக்குப் பிழைச்சிடும் எண்டு பயந்தனீர். என்னை அங்கை நிப்பாட்டேக்கை உமக்கு அந்தப் பயம் வரேல்லை."

குரலை உயர்த்தவில்லை. கோபம் இருந்திருந்தால் நான் அழுதாவது தப்பியிருப்பேன். உங்களில்தான் எனக்கு எல்லோரையும்விட அன்பு என்று சொல்ல வாய் எடுத்தேன். அது பொய்யும் இல்லை. ஆனால் அந்த அன்பை நம்பித்தான், இவருக்கு என்ன வந்தாலும் என்னை விட்டுப் போக மாட்டார் என்ற தைரியத்தில்தான், நான் அவரை அங்கே நிற்பாட்டினேன். டொக்டரிடம் எனக்கு அந்தத் தைரியம் இருக்கவில்லை. இதை எந்த முகத்தோடு அவருக்குச் சொல்வது?

அவர் புதுச் சட்டகத்தைத் துணியில் சுற்றி என் பையருகே வைத்தார். முருங்கையிலைச் சுளகை எடுத்துக்கொண்டு எழும்பிக் குசினிக்குள் போனார். கேத்தில் போடுகிற சத்தம் கேட்டது, கோப்பைகள் எடுக்கிற சத்தம் கேட்டது. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த முதல் நாளிலிருந்து, அந்த வீட்டில் என் கைக்கு வந்த ஒவ்வொரு தேத்தண்ணியும், ஒரு தரமும் கேட்காமல், என் பதத்துக்கு அவர் ஊற்றித் தந்ததுதான்.

"உமக்குச் சீனி போடுறதோ?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.